கொடுமணல் காட்டும் கல்வட்டங்கள்

திருப்பூர் நகரைக் கடந்து கிழக்கே ஓடும் நொய்யலாற்றின் வடகரையில், ஈரோடு மாவட்டத்தில், கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. சங்க நூலாகிய பதிற்றுப்பத்து, அணிகலன்களுக்காகப் புகழும் கொடுமணம் இவ்வூரே என்பர் அறிஞர்.

ஊரை அடுத்த நிலத்தில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பல உள. குழி தோண்டி, பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி அறை அமைத்தனர் பண்டைய மக்கள். ஒரு பலகையில் வட்டத் துளை இட்டனர். மேலே மூடுகல் வைத்துக் கற்குவியல் எழுப்பி, சுற்றிலும் பெருங்கற்களை வட்டமாக நட்டனர். இத்துணைப் பெரிய கற்களைத் தனியொருவர் நகர்த்த இயலுமா? பலர் கூடியே இறந்தவருக்கு இல்லம் எடுத்திருக்க வேண்டும்.

1985ஆம் ஆண்டு தொடங்கிப் பலமுறை நடந்த அகழாய்வுகளில், ஒரே கல்லறையில் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. அக்கல் குசராத்துப் பகுதியிலிருந்து வந்திருக்கலாம் எனக் கருதுவர். மக்கள் வாழ்ந்த பகுதியிலோ இரும்பு உருக்கிய உலைகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், நூல் நூற்கும் தக்களிகளும் வெளிப்பட்டன. இன்று பின்னலாடைக்குப் பெயர்பெற்ற நொய்யற்கரையில் அன்றே நூற்புத் தொழில் நிலவியது!

ஒரு மணியைத் தனியே எடுத்தால் அது வெறும் அணிகலன். கிடந்த இடத்திலேயே கண்டால்தான், அதை யாருக்காக, எவற்றோடு வைத்தனர் என்பது புலப்படும். வரப்புக்கென ஒரு கல்லைப் பெயர்த்தாலும் அச்சான்று அழியும். ஆகவே, வயலோரத்தில் கல்வட்டம் கண்டால் எதையும் அசைக்காதீர்கள். உங்கள் ஆசிரியர் வாயிலாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.