பிரெஞ்சுச் செயப்பாட்டுவினை (தமிழர் கற்கையில்)

பிரெஞ்சில் ‘இரு’ எனப் பொருள்படும் ‘எத்ர்’ வினையோடு இறந்தகால எச்சம் சேர்ந்து அமையும் வாக்கியப் பாங்கு. காலத்தை எத்ர் காட்டும். எச்சம் எழுவாயின் பாலையும் எண்ணையும் ஏற்கும். கிணறு வெட்டப்பட்டது என்பது ‘லெ ப்யுயி அ எத்தே க்ரெஸே’. கிணறு ஆண்பால். வீடு பெண்பால் ஆதலால், கட்டப்பட்டது என்னும்போது ‘கோன்ஸ்த்ருவி’ என்பது ‘கோன்ஸ்த்ருவித்’ ஆகும். அஃறிணைக்குப் பால் பார்த்துப் பழகாத தமிழ் மாணவர் பெரிதும் இடறுவது இங்கேதான்.

செய்தவரைக் குறிக்கும் ‘பார்’ ஏறத்தாழ நம் ‘ஆல்’ உருபு. அன்பு, மதிப்பு முதலிய உணர்ச்சி வினைகளில் ‘தெ’யும் வரும். ‘ஈல் ஏ தாலே’ (அவன் போனான்) எத்ர் கொண்டிருந்தும் செய்வினையே.

ஆங்கிலம் வழி கற்பவர், பெறுபவரையே எழுவாயாக்கி ‘நான் புத்தகம் கொடுக்கப்பட்டேன்’ என்ற அமைப்பைப் பிரெஞ்சிலும் எதிர்பார்ப்பர். பிரெஞ்சு அதை ஏற்காது. தமிழைப் போலவே ‘எனக்குப் புத்தகம் கொடுக்கப்பட்டது’ என்றே சொல்லும். தாய்மொழி வழியே விளக்கினால் வேலை எளிது. பாடநூல்கள் பெரும்பாலும் அப்படி விளக்குவதில்லை.

பேச்சில் பிரெஞ்சுக்காரர் ‘ஓன்’ என்ற பொது எழுவாயையே விரும்புவர். ‘இங்கே பிரெஞ்சு பேசுவார்கள்’ என்று எழுவாய் சொல்லாமல் நாம் முடிப்பது அதற்கு இணை. ‘அறிவிக்கப்படுகிறது’ போன்ற நடை இரு மொழிகளிலும் அரசாணைக்கும் செய்தித்தாளுக்கும் உரியது.