செலனியம் மாத்திரையும் தைரொயிட் நோயும்: மலையகப் பெண்கள் அறிய வேண்டியவை

கழுத்துக் கழலை இலங்கைக்குப் பழைய நோய். 1995இல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமானதும் அது தணிந்தது. ஆனால் எல்லாத் தைரொயிட் நோயும் அயடீன் குறைவால் வருவதில்லை. உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதும் உண்டு. 1912இல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோவின் பெயரால் அந்நோய் அழைக்கப்படுகிறது. பெண்களையே அதிகம் பாதிக்கிறது.

சுரப்பி இயங்கச் செலனியமும் தேவை. இலங்கைக் கிராமப் பெண்கள் பலருக்கு அது குறைவாக இருக்கலாம் என, தலைமுடியைப் பரிசோதித்த ஆய்வொன்று 2000இல் காட்டியது. அதற்காக மாத்திரையை நாமாக வாங்கி விழுங்கலாமா? கூடாது. தினமும் 200 மைக்ரோகிராம் கொடுத்த சில ஆய்வுகளில் பிறபொருளெதிரிகள் குறைந்தன. நோய் குணமானதற்கு உறுதியான சான்றில்லை. வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 55 மைக்ரோகிராம் போதும். நீண்டகாலம் 400ஐத் தாண்டினால் முடி கொட்டலாம், நகம் உடையலாம். மீன், நெத்தலிக் கருவாடு, முட்டை ஆகியவற்றில் செலனியம் உண்டு.

தைரொக்சின் எடுப்போர் அதை நிறுத்தக்கூடாது. வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேத்தண்ணி குடிக்க வேண்டும். இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பிரட்டுக்கு ஓடும் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கினால் மருந்து உடலில் சரியாகச் சேராது.

தீராத களைப்பு, குளிர் தாங்காமை, மாதவிடாய்க் குழப்பம் இருந்தால், "மலையேறிக் கொழுந்து பறித்த அலுப்பு" என்று தள்ளிவிடாமல் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.