ஓரம் அடித்த கதை

போட்டிருக்கிற பனியனைக் கழற்றி ஒருதரம் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். (பஸ்ஸில் படித்துக்கொண்டிருப்பவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.) தோள்பட்டையிலும் விலாப் பக்கத்திலும் குட்டி ஏணி மாதிரி நூல் பின்னிக்கொண்டே ஓடுகிறதா? அதுதான் ஓவர்லாக். அது மட்டும் இல்லையென்றால், நாலு துவைப்புக்குள் பனியன் ஓரமெல்லாம் பிசிறு பிசிறாகப் பிரிந்து தொங்கும்.

எங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். காலால் மிதிக்கிற தையல் மெஷினில் இருபது வருஷ அனுபவம். கட்டிங், தையல், கொக்கி எல்லாம் வீட்டிலேயே நடந்துவிடும். ஓரம் அடிக்க மட்டும் தினமும் கடைத்தெருவில் இருக்கிற ஓவர்லாக் கடைக்கு ஒரு நடை. காசும் போகும், நேரமும் போகும். தீபாவளி சமயத்தில் அங்கே வரிசையில் வேறு நிற்கணும். இது சரிப்படாது என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் அழகான குட்டி ஓவர்லாக் மெஷின் ஒன்றை வாங்கினார். பளபளவென்று பிளாஸ்டிக் உடம்பு. பதினாலே மாதம். துணியில் செருகியிருந்த குண்டூசி ஒன்று கத்தியில் சிக்கி, கீழ்க் கத்தி உடைந்தது. வாங்கின கடையில், "இந்த மாடல் இப்ப வர்றதில்லைக்கா" என்று கையை விரித்துவிட்டார்கள்.

இப்போது மகளிர் குழுவில் மறுபடி கடன் போட்டிருக்கிறார். "தம்பி, நீங்கதான் ஊர்க் கதையெல்லாம் எழுதறீங்களே. எந்த மெஷின் வாங்கினா ரொம்ப நாள் உழைக்கும்னு சொல்லுங்க" என்றார்.

நான் என்னத்தைக் கண்டேன்? எனக்குத் தெரிந்தது பி.காமில் படித்த தேய்மானக் கணக்கு. மெஷின் விலை இருபதாயிரம், ஆயுள் பத்து வருஷம் என்றால், வருஷத்துக்கு இரண்டாயிரம் கழித்துக்கொண்டே வா. கணக்குப் புத்தகத்தில் மெஷின் இப்படித்தான் சமமாக, சமர்த்தாகத் தேயும். அக்காவின் மெஷின் அப்படித் தேயவில்லை. விரல் நீளத்துக்கு ஒரு கத்தி போனது. மோட்டாரும் சக்கரமும் புதுசு மாதிரியே இருக்கின்றன. ஆனாலும் மெஷின் செத்துப்போச்சு!

இந்த விசித்திரம் புரியவேண்டும் என்றால் கொஞ்சம் அமெரிக்கா வரைக்கும் போய் வரவேண்டும்.

1846-ல் எலியாஸ் ஹோவ் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1851-ல் ஐசக் சிங்கர் வந்தார். தவணை முறையில் விற்று வீட்டுக்கு வீடு தையல் மெஷினைக் கொண்டுபோய் வைத்தது சிங்கர் கம்பெனி. அந்த மெஷின் போட்டது பூட்டுத் தையல். மேல் நூலும் பாபின் நூலும் துணிக்கு நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். கெட்டியான தையல்தான். ஆனால், இரண்டு குறை. ஒன்று, துணியின் ஓரத்தை அது கண்டுகொள்ளாது. இரண்டாவது, இழுத்தால் நீளாது. நெய்த துணிக்குப் பரவாயில்லை. பின்னிய துணிக்கு? சாக்ஸும் பனியனும் இழுபடுகிற சாமான்கள். பூட்டுத் தையல் போட்டால், தலையை நுழைக்கும்போதே படீரென்று நூல் அறுந்துவிடும்.

இந்தத் தலைவலி யாருக்கு அதிகம் இருந்திருக்கும்? பின்னலாடை ஆலைக்காரர்களுக்குத்தான்!

கனெக்டிகட் மாநிலத்தில் மெர்ரோ என்று ஒரு குடும்பம். முதலில் அவர்கள் செய்தது வெடிமருந்து. அதே குடும்பம் 1838-ல் பின்னலாடை ஆலை வைத்தது. துப்பாக்கி மருந்திலிருந்து உள்ளாடைக்கு! ஆலைக்கு வேண்டிய மெஷின்களையும் அவர்களே வடிவமைத்துச் செய்துகொண்டார்கள். குரோஷா ஊசிக்காரர்கள் கையால் போடுவதுபோல் ஓரத்தைப் பின்னுகிற மெஷின்தான் முதலில் வந்தது. அந்த வழியிலேயே போய் 1881-ல் ஓவர்லாக்கைக் கண்டுபிடித்தார்கள். 1889-ல் ஜோசப் மெர்ரோ பேரில் காப்புரிமை கிடைத்தது. பழைய குரோஷா மெஷினின் அடிப்படை வடிவத்தில் அந்தக் கம்பெனி இந்த நூற்றாண்டிலும் மெஷின் செய்கிறது.

அந்த ஓவர்லாக் மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்பது ரசமான விஷயம். பாபினே கிடையாது. ஊசி துணியைக் குத்திக்கொண்டு இறங்கி, திரும்ப ஏறத் தொடங்கும்போது ஊசி நூல் ஒரு சின்ன வளையமாகத் தொங்கும். கொக்கி மாதிரி வளைந்த 'லூப்பர்' ஒன்று தன் நூலோடு அந்த வளையத்துக்குள் நுழையும். அது ஓரத்துக்கு வந்ததும் இன்னொரு லூப்பர் அதன் நூலுக்குள் புகுந்து, ஓரத்தைச் சுற்றிக்கொண்டு துணிக்கு மேலே வரும். அங்கே ஊசி மறுபடி இறங்கி அதையும் பூட்டிவிடும். ஊசிக்கு ஒரு அடி முன்னால் - தையல் கணக்கில் அடி, அங்குலக் கணக்கில் அல்ல - மேல் கத்தியும் கீழ்க் கத்தியும் கத்தரிக்கோல் மாதிரி சேர்ந்து ஓரத்தை நறுக்கிக்கொண்டே வரும். நறுக்கி, தைத்து, சுற்றி... மூன்று வேலையும் ஒரே ஓட்டத்தில். வளையம் வளையமாகக் கோத்திருப்பதால் இழுத்தால் தையலும் கூடவே நீளும்.

இதில் ஊசிக்கும் லூப்பருக்கும் நடுவே மயிரிழைதான் இடைவெளி. ஊசி வருகிற நொடியில் லூப்பர் இருக்கிற இடத்தில் இருக்கவேண்டும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'டைமிங்' என்கிறார்கள். டைமிங் தப்பினால் நூல் விட்டுப்போகும். இல்லையென்றால் ஊசியும் லூப்பரும் முட்டிக்கொண்டு இரண்டில் ஒன்று போகும்.

1880-களில் மெர்ரோ ஆலை தீயில் எரிந்துபோனது. அதோடு பின்னலாடைத் தொழிலை விட்டுவிட்டு மெஷின் செய்வதே போதும் என்று முடிவெடுத்தார்கள். ஹார்ட்ஃபோர்டுக்கு மாறினார்கள். வில்காக்ஸ் அண்ட் கிப்ஸ் கம்பெனியோடு காப்புரிமைச் சண்டை கோர்ட்டு வரை போனது. சாரணர் சட்டையில் தைக்கிற வட்டச் சின்னத்தின் தடித்த ஓரத்துக்கு அமெரிக்காவில் 'மெர்ரோட்' ஓரம் என்றே பெயர். இன்று கம்பெனி மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபால் ரிவரில் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது.

என் கணிப்பு ஒன்று. தன் ஆலையில் ஓட்டுவதற்காக மெஷின் செய்கிறவனுக்கு ஒரு விஷயம் தெரியும்: கத்தி தேயும், லூப்பர் உடையும். தேய்கிறதைக் கழற்றி மாற்ற வழி வைக்காவிட்டால் நாளைக்கு அவன் வேலைதான் நிற்கும். பழைய ஓவர்லாக் மெஷின்களில் ஒவ்வொரு பாகத்துக்கும் திருகாணி தெரிகிற இடத்தில் இருப்பது சும்மா இல்லை.

அது ஆலைக்கான பூதம். வீட்டுக்கு எப்போது வந்தது? அதற்கு ஜப்பானுக்குப் போகவேண்டும். 1960-களின் பிற்பகுதியில் யமகட்டாவில் சுசுகி என்ற கம்பெனி (மோட்டார் பைக் சுசுகி இல்லை, இது வேறு) ஓவர்லாக்கை மேஜைமேல் வைக்கிற அளவுக்குச் சுருக்கியது. 'பேபிலாக்' என்று பேர் வைத்தார்கள். 1980-களில் அமெரிக்க வீடுகளில் இது பெரிய மோகமாகிவிட்டது. 1990-களில், லூப்பருக்குள் காற்றடித்தே நூல் கோக்கிற வசதி வேறு வந்தது. ஜப்பானில் இந்தத் தொழிலின் இன்னொரு பெரும்புள்ளி ஜூகி. 1938-ல் தொடங்கி, போர்க்காலத்தில் துப்பாக்கி செய்த கம்பெனி. 1947-ல் வீட்டுத் தையல் மெஷினுக்கு வந்தது. வெடிமருந்து மெர்ரோ, துப்பாக்கி ஜூகி... உள்ளாடைக்கும் யுத்தத்துக்கும் ஏதோ பூர்வ ஜென்ம பந்தம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வில்லங்கமும் கூடவே வந்தது. அந்தக் காலத்து வீட்டு ஓவர்லாக்குகள் சிலவற்றுக்கு அவற்றுக்கென்றே தனி ஊசி. பிஎல்எக்ஸ்1 என்றும் ஜேஎல்எக்ஸ்2 என்றும் அவற்றுக்குப் பேர். மெஷின் இரும்பாக, கல்லுமாதிரி இருக்கும். நாற்பது வருஷமானாலும் ஓடும். ஆனால், அந்த ஊசிக்காக ஊர் ஊராக அலையணும். அக்காவுக்குக் கத்தி மாதிரி, அவர்களுக்கு ஊசி.

நம்மூரில் கதை வேறு மாதிரி போனது. திருப்பூரில் 1925-லேயே பனியன் தொழில் வந்துவிட்டது. 1978-ல் இத்தாலிய வியாபாரி வெரோனா தேடி வந்த பிறகு ஏற்றுமதி சூடுபிடித்தது. மெர்ரோ ஆலைக்கு இருந்த அதே பிரச்னை இங்கேயும்: பின்னிய துணி, இழுபடுகிற ஓரம். ஜப்பானின் ஜூகி, பெகாசஸ், யமாட்டோ, தைவானின் சிருபா என்று ஓவர்லாக் மெஷின்கள் வந்து குவிந்தன. ஆயிரக்கணக்கில் மெஷின் ஓடுகிற ஊரில் கத்தி, லூப்பர், ஊசி விற்கிற கடைகளும் பிழைக்கும். டைமிங் வைக்கிற மெக்கானிக்கும் பிழைப்பார். பழைய மெஷினை வாங்கி, தேய்ந்ததை மாற்றி விற்கிறவரும் பிழைப்பார். வாங்குகிறவருக்கு மெஷினோடு சேர்ந்து ஒரு ஊரே கிடைக்கிறது.

ஆகவே அக்காவிடம் சொன்னேன். ஆலை மெஷின் நிமிஷத்துக்கு ஆறாயிரம் தையல் போடும், வீட்டு மெஷின் ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்தைந்நூறு. உங்களுக்கு வேகம் தேவையில்லை. ஆலை மெஷின் தன் எண்ணெயில் தானே குளித்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓடும். ஆனால், தனி மேஜை, தனி மோட்டார், சத்தம் எல்லாம் உண்டு. மாடி வீட்டில் கீழே இருக்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஜாக்கெட்டுக்கு ஓரம் அடிக்க மூணு நூல் போதும். டி-ஷர்ட்டை ஒட்டித் தைக்கப் போகிறீர்கள் என்றால்தான் நாலு நூல். வீட்டு மெஷினே எடுத்தாலும், சாதாரணத் தையல் மெஷின் ஊசியே பொருந்துகிற மாடலாகப் பாருங்கள். கீழ்க் கத்திதான் முதலில் மழுங்கும். மேல் கத்தி பெரும்பாலும் கெட்டியான கார்பைடு முனையோடு வரும், அது தாங்கும். பஞ்சை வாரத்துக்கு ஒருதரமாவது பிரஷ் போட்டு எடுங்கள். குண்டூசியைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள்.

"கம்பெனி பேரைச் சொல்லுங்க தம்பி" என்றார்.

சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே நிஜம்.

போன வாரம் அவர் மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறார். மெஷினைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லையாம். "இந்த மாடலுக்குக் கீழ்க் கத்தி ஒண்ணு குடுங்க, ஊசி ஒரு பாக்கெட் குடுங்க" என்றாராம். முதல் கடையில் ஆர்டர் போட்டு வரவழைக்கிறோம் என்றார்கள். இரண்டாவது கடையில் ஊசி இருந்தது, கத்தி இல்லை. மூன்றாவது கடைக்காரர் எதுவும் பேசாமல் டிராயரை இழுத்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய இரண்டு கத்திகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். மூணு நூல் மெஷின், பழசு, புதுப்பித்தது. உடம்பில் பெயின்ட் இரண்டு இடத்தில் உரிந்திருக்கிறது. கத்தி இரண்டையும் சேர்த்தே வாங்கிவந்துவிட்டார். கீழ் வீட்டுக்காரர்கள் இதுவரை சண்டைக்கு வரவில்லை.