பென் டிரைவின் பூட்டு எங்கே போனது?

ஓசூர் சிப்காட் பக்கம் உள்ள சின்னச் சின்ன பட்டறைகளில் சி.என்.சி. மெஷினுக்கான புரோகிராமை கம்ப்யூட்டரில் எழுதி, பென் டிரைவில் ஏற்றி, மெஷினில் சொருகுவது அன்றாட வேலை. ஒருநாள் திடீரென்று "டிஸ்க் ரைட் புரொடக்டட்" என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிடும். சரி, ஃபார்மேட் பண்ணிவிடலாம் என்றால் அதுவும் நடக்காது. புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய கடைசி நாளில் கல்லூரி மாணவர்களுக்கு வருவதும் இதே செய்திதான். எழுத விடாமல் பூட்டும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? இப்போது அந்தப் பூட்டு யார் கையில் இருக்கிறது?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

துளையும் வளையமும்

1952ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முதல் எண்வழிக் கட்டுப்பாட்டு மில்லிங் மெஷினைக் காட்டினார்கள். அதற்கு உத்தரவு கொடுத்தது துளை போட்ட காகித நாடா. போட்ட துளையை அழிக்க முடியாது, அதனால் பூட்டே தேவைப்படவில்லை. காந்த நாடா வந்தபிறகுதான் பயம் வந்தது. அதில் பழையதன் மேலேயே புதிதாக எழுதிவிடலாம் அல்லவா! ஐ.பி.எம். நாடாச் சுருளின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டினால்தான் எழுத முடியும். வளையத்தைக் கழற்றிவிட்டால் படிக்க மட்டும்தான்.

1963ல் பிலிப்ஸ் கொண்டுவந்த ஆடியோ கேசட் இந்தப் பூட்டை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது. கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட்டால் ரெக்கார்ட் பட்டன் இறங்காது. அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டி, பழைய பாட்டின் மேல் புதுப் பாட்டைப் பதிவு செய்த வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ!

ப்ளாப்பியிலும் இதே கதைதான், ஆனால் ஒரு வேடிக்கை உண்டு. 8 அங்குல ப்ளாப்பியில் வெட்டை மூடினால் எழுதலாம். 5.25 அங்குல ப்ளாப்பியில் வெட்டை மூடினால் எழுத முடியாது. 3.5 அங்குலத்தில் ஒரு சின்ன தள்ளுகட்டை வந்தது. முறை எதுவாக இருந்தாலும் பூட்டு கண்ணுக்குத் தெரிந்தது, விரலால் தொட முடிந்தது.

ஓசூருக்கு வந்த கதை

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஓசூரின் முகமே மாறிவிட்டது. 1980ல் அசோக் லேலண்ட் தொழிற்சாலை வந்தது. அதே ஆண்டு டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து வெளியே வந்தது. 1984ல் டாடா குழுமமும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டனின் முதல் கடிகாரத் தொழிற்சாலையும் ஓசூரில்தான். இப்படிப்பட்ட பெரிய ஆலைகளைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் பட்டறைகள் முளைத்தன. காலப்போக்கில் அவற்றில் சி.என்.சி. மெஷின்கள் வந்தன.

பல சி.என்.சி. மெஷின்களின் பேனலில் ஒரு சாவி இருக்கும். அதைத் திருப்பி எடுத்துவிட்டால் உள்ளே உள்ள புரோகிராமை யாரும் திருத்த முடியாது. ஒரு எண் மாறினாலும் டூல் போய் இரும்பில் மோதும், பாகம் வீணாகும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. அதனால்தான் அந்தச் சாவி பொறுப்பானவர் ஒருவரிடம் இருக்க வேண்டும் என்பார்கள்.

புரோகிராமை மெஷினுக்குக் கொண்டுபோக முதலில் காகித நாடா, பிறகு ஆர்.எஸ்.-232 கேபிள், ப்ளாப்பி என்று ஒவ்வொன்றாக வந்தன. கடைசியாக வந்தது பென் டிரைவ். 2000ஆம் ஆண்டு சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் 'தம்ப் டிரைவ்' என்ற பெயரில் இதை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் தயாரித்ததை ஐ.பி.எம். அமெரிக்காவில் விற்றது. கொள்ளளவு வெறும் 8 எம்.பி.! அப்படியும் 1.44 எம்.பி. ப்ளாப்பியைப் போல 5 மடங்குக்கு மேல்.

பூட்டு மறைந்தது

ஆரம்பகாலப் பென் டிரைவ்கள் பலவற்றில் பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. பிறகு பெரும்பாலான கம்பெனிகள் அதை எடுத்துவிட்டன. சுவிட்ச் போனதே தவிர பூட்டு போகவில்லை. அது இரண்டு இடங்களில் ஒளிந்துகொண்டது.

ஒன்று, கம்ப்யூட்டருக்குள். 2004ல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 2ல், ரிஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றினாலே எந்தப் பென் டிரைவிலும் எழுத முடியாதபடி தடுக்கும் வசதி வந்தது. கம்பெனி ரகசியம் வெளியே போகாமல் இருக்க இது உதவியது. 2010ல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் வைரஸ் பென் டிரைவ் வழியாகத் தொழிற்சாலைக் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்தது. இரானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்தபடி அது அதிகம் பரவியது இந்தியாவில்தான். யு.எஸ்.பி. என்றாலே ஆலைகள் பயப்பட ஆரம்பித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, பென் டிரைவுக்குள்ளேயே. உள்ளே இருக்கும் நாண்ட் ஃப்ளாஷ் சிப்புக்கு ஆயுள் உண்டு. ஒரு செல்லில் ஒரு பிட் மட்டும் வைக்கும் பழைய வகை சுமார் 1 லட்சம் முறை அழித்து எழுதத் தாங்கும். செல்லுக்கு இரண்டு, மூன்று பிட் திணிக்கும் மலிவான வகைகள் சில ஆயிரம் முறையோ அதற்கும் குறைவாகவோதான் தாங்கும். கெட்டுப்போன பகுதிகளுக்குப் பதிலாக வைத்திருக்கும் உபரி இடமும் தீர்ந்துபோனால், உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் பல நேரங்களில் "இனி படிக்க மட்டும்தான்" என்று முடிவு செய்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், பூட்டு எங்கே இருந்தாலும் திரையில் வருவது ஒரே செய்திதான்.

எதை முதலில் செய்வது?

ஃபார்மேட் ஆகவில்லை என்றதும் பலரும் செய்யும் தவறு, கிடைக்கும் சாஃப்ட்வேரை எல்லாம் இறக்கி முட்டி மோதுவது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எழுதத்தான் முடியாது, பெரும்பாலும் படிக்க முடியும். எனவே உள்ளே உள்ளதை உடனே வேறு இடத்துக்குக் காப்பி செய்துவிட வேண்டும்.

அதன்பிறகு சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்கலாம். மெமரி கார்டை அடாப்டரில் போட்டிருந்தால் பக்கவாட்டு லாக் கீழே இறங்கியிருக்கலாம். அடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் சொருகிப் பார்க்க வேண்டும். அங்கே எழுத முடிந்தால் பூட்டு முதல் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அது கம்பெனிக் கம்ப்யூட்டராக இருந்தால் ரிஜிஸ்ட்ரியில் கை வைக்காமல் பொறுப்பானவரைக் கேட்பதே நல்லது. இரண்டிலும் முடியவில்லை என்றால், டிஸ்க்பார்ட்டில் "அட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி" என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் டிஸ்க் எண்ணை இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். எண் மாறி "கிளீன்" கொடுத்தால் ஹார்டு டிஸ்கே காலியாகிவிடும்!

எங்கே சொருகினாலும், எது செய்தாலும் மாறவில்லை என்றால், அநேகமாகப் பூட்டியது சிப்தான். எப்படியோ திறந்து மறுபடி எழுதினாலும் அதை நம்ப முடியாது. பட்டறை புரோகிராமோ புராஜெக்ட் ரிப்போர்ட்டோ, தேய்ந்த சிப்பில் எழுதி வைத்தது அடுத்த முறை இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சில நூறு ரூபாய்க்குப் புதுப் பென் டிரைவ் கிடைக்கும். அந்தப் பழைய டிரைவ் கடைசியாக ஒருமுறை படிக்க விட்டதே, அதைப் பயன்படுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.