யூரர் தீர்ப்பும் நீதிபதியின் அதிகாரமும்

காணி வழக்கிற்காகத் திருகோணமலை மாவட்ட நீதிமன்றம் செல்வோர் அங்கே யூரர்களைக் காண்பதில்லை. அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரனின் முயற்சியால் 1811இல் இலங்கைக்கு வந்த யூரி முறை, குற்ற வழக்குகளோடு நின்றுவிட்டது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களிலோ, 1791ஆம் ஆண்டின் ஏழாந் திருத்தம் சிவில் வழக்கிலும் அவ்வுரிமையைக் காத்தது. அங்கு நீதிபதி, தமக்கு உடன்பாடில்லை என்பதற்காக மட்டும் யூரர் தீர்ப்பை மாற்றலாகாது. அச்சான்றுகளைக் கொண்டு நியாயமுள்ள எவரும் அம்முடிவுக்கு வரவியலாதெனக் கண்டாலே மாற்றலாம். தீர்ப்பு சான்றுகளின் பலத்துக்கு மாறாயின், புதிய யூரர் முன்னிலையில் மறுவிசாரணைக்கு ஆணையிடலாம்.

இங்கே சாட்சியை எடைபோடுபவரும் சட்டத்தை உரைப்பவரும் ஒருவரே. அவர் தவறினால் மேன்முறையீடே வழி. ஆகவே, தீர்ப்பில் எழுதப்படும் காரணங்களைத் தோற்றவர் ஊன்றிப் படித்தல் வேண்டும். அவருக்கு எஞ்சும் பற்றுக்கோடு அவையே.