கருவியைக் காத்தவர்கள்

வானியல் வரலாற்றைப் புரட்டும்போது இரு வகைப் பெயர்கள் நம் கண்ணில் படுகின்றன. புதியதைக் கண்டறிந்த அறிஞர்களின் பெயர்கள் ஒரு வகை. அவர்களுக்குப் பொருளும் இடமும் தந்த வேந்தர்களின் பெயர்கள் மற்றொரு வகை. இவ்விரு சாராருக்கும் இடையே மூன்றாம் சாரார் ஒருவர் உண்டு. கருவியின் மீது படிந்த தூசியை அகற்றியவர், அதன் சாய்வைச் சரிபார்த்தவர், மழைக்கும் ஈரத்துக்கும் அதனைக் காத்தவர், தமக்குப் பின் அதனைப் பேண ஆள் வைத்துச் சென்றவர். இவர்களுடைய பெயர்கள் ஏடுகளில் அருகியே காணப்படுகின்றன. ஆயினும் ஒரு வானாய்வு நிலையம் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தது என்ற கேள்விக்கு விடை தேடினால், நாம் இவர்களிடமே வந்து சேர்கின்றோம்.

தொழுகை நேரம், கிப்லாவின் திசை, மாதத் தொடக்கத்தின் பிறை ஆகிய மூன்றும் முஸ்லிம்களை வானத்தோடு பிணைத்து வைத்தன. கணக்கு மட்டும் போதாது, கண்ணால் கண்டு அளந்து பார்க்க வேண்டும் என்ற வேட்கை அப்பிணைப்பில் வளர்ந்தது. கருவிகள் பெரிதாகப் பெரிதாக அளவு நுட்பமாகும் என்று அக்காலத்து அறிஞர்கள் கருதினர். அக்கருத்தை அதன் எல்லைவரை கொண்டு சென்று பார்த்தவர் அபூ மஹ்மூத் அல் குஜந்தீ.

இன்றைய தஜிகிஸ்தானிலுள்ள குஜந்த் நகரைச் சேர்ந்த இவர், ஈரானில் ரய் நகருக்கு அருகே ஒரு குன்றின் மீது மாபெரும் கருவியொன்றை எழுப்பினார். தெற்கு வடக்காக நிற்கும் இரு மதில்கள்; அவற்றிடையே வட்டத்தின் ஆறில் ஒரு பங்கான வில்; அதன் ஆரம் ஏறத்தாழ 20 மீட்டர். மேல் வளைவிலிருந்த சிறு துளையின் வழியே நண்பகல் கதிரவனின் ஒளி வந்து வில்லின் மேல் விழும். ஒவ்வொரு பாகையும் 360 கூறுகளாக வகுக்கப்பட்டிருந்ததால் பத்து விகலை வரை படிக்க முடிந்தது. புவைஹித் அரசர் ஃபக்ருத் தவ்லாவின் ஆதரவில் எழுந்தமையால் அது ‘சுத்ஸ் அல் ஃபக்ரி’ எனப் பெயர் பெற்றது.

994-ஆம் ஆண்டு, அதாவது ஹிஜ்ரி 384-இல், கோடையிலும் குளிரிலும் கதிரவன் எட்டும் எல்லைகளை அளந்து, பூமியின் அச்சுச் சாய்வு 23 பாகை 32 கலை 19 விகலை என்று குஜந்தீ அறிவித்தார். இன்றைய கணக்கின்படி அவ்வாண்டில் அது 23 பாகை 34 கலையை ஒட்டி இருந்திருக்க வேண்டும். பத்து விகலையைப் படிக்கும் கருவியில் ஏறத்தாழ இரண்டு கலை பிழை எவ்வாறு நுழைந்தது? இதற்கு விடையளித்தவர் அல் பீரூனி. நகரங்களின் இருப்பிடங்களை வரையறுப்பது பற்றிய தம் நூலில், இரண்டு அளவீடுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் ஒளி புகும் துளை ஏறத்தாழ ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது என்று அவர் எழுதியுள்ளார். வில் நுட்பமாக இருந்தது. அறிஞரும் கவனமாகவே இருந்தார். கட்டடம் தன் பாரத்தால் அமிழ்ந்துவிட்டது. கருவியின் நிலையை அன்றாடம் சோதித்துப் பார்ப்பதும் வானாய்வின் ஒரு பகுதியே என்ற பாடத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பீரூனி இவ்வாறு எழுதி வைத்தார். அவர் குஜந்தீயின் திறமையைக் குறைத்து மதிப்பிடாமல் பிழையின் காரணத்தை மட்டும் சுட்டியது, அக்காலத்து ஆய்வுப் பண்புக்கு ஒரு சான்று.

கட்டடம் அமிழ்வதைக் காட்டிலும் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. புரவலர் மறைந்தால் நிலையமும் மறையும் என்பதே அது. பக்தாதில் ஷரஃபுத் தவ்லா 988-இல் அமைத்த நிலையம், அடுத்த ஆண்டில் அவர் மறைந்ததுமே ஓய்ந்துவிட்டது. இதற்கு மாற்றுக் கண்டவர் நஸீருத்தீன் அத்தூஸி. 1259-இல் மராகாவில் தொடங்கிய நிலையத்துக்கு வக்ஃப் சொத்துக்களின் வருவாயைப் பெற அவர் வழிசெய்தார். அதன் பயனை நாம் ஆண்டுக் கணக்கிலேயே காணலாம். ஹுலாகு 1265-இல் மறைந்தார். தூஸி 1274-இல் மறைந்தார். நிலையமோ அதற்குப் பின்னரும் பல்லாண்டுகள் இயங்கியது. பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் மருத்துவமனைக்கும் வக்ஃப் செய்த சமுதாயம், விண்மீன்களை அளக்கும் கருவிக்கும் அதனை வழங்கியது என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்க செய்தியாகும்.

பெரிய பள்ளிவாசல்களில் ‘முவக்கித்’ என்னும் பதவி இருந்ததும் இதே நோக்கில் எண்ணத்தக்கது. தொழுகை நேரங்களைக் கணிப்பது அவருடைய பணி. திமிஷ்கின் உமையாப் பள்ளிவாசலில் அப்பதவி வகித்த இப்னு ஷாதிர், 1371-ஐ ஒட்டி அமைத்த சலவைக்கல் சூரியக் கடிகாரம் நூற்றாண்டுகள் கடந்து பயன்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்கு ஈடாக அல் தந்தாவி என்னும் அறிஞர் 1876-இல் ஒரு நகலைச் செய்து வைத்தார். மூலக்கருவியைச் செய்தவர் மறைந்து ஐந்நூறு ஆண்டுகள் சென்ற பின்பும் அதனைப் படித்தறிந்து மீண்டும் செய்யக்கூடியவர் ஒருவர் அங்கே இருந்தார்.

குஜந்தீயின் அனுபவத்தைச் சமர்கந்து நன்கு உணர்ந்திருந்தது போலும். 1420-களில் உலூக் பேக் எழுப்பிய நிலையத்தில் வில்லின் ஆரம் ஏறத்தாழ 40 மீட்டர். ரய்யில் இருந்ததைப் போல் இருமடங்கு. ஆனால் அதன் கீழ்ப்பகுதி குன்றின் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டது. அங்கே கிடைத்த அச்சுச் சாய்வின் அளவு, உண்மையிலிருந்து அரைக் கலை அளவுக்கே வேறுபட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களைக் கூறும் அட்டவணையும் அங்கேதான் உருவாயிற்று. எனினும் 1449-இல் உலூக் பேக் கொல்லப்பட்ட பின் நிலையம் பாழடைந்தது. அதன் இருப்பிடமும் மறக்கப்பட்டது. 1908-இல் ருஷ்ய ஆய்வாளர் வியாத்கின் அகழ்ந்தபோது, பாறைக்குள் இருந்த பகுதி மட்டுமே எஞ்சியிருந்தது. மண்ணுக்குள் இருந்ததை மண் காத்தது. மேலே இருந்ததைக் காக்க மனிதர் இல்லாது போயினர்.

தொலைநோக்கி வந்த பின் பேணும் பணி மேலும் நுட்பமாயிற்று. இப்னுல் ஹைதமின் ஒளியியல் நூல் இலத்தீன் மொழியில் 1572-இல் பாஸல் நகரில் அச்சேறியது. 1609-இல் கலிலியோ தம் தொலைநோக்கியை வானத்தை நோக்கித் திருப்பினார். 1781-இல் யுரேனஸ் கோளைக் கண்ட வில்லியம் ஹெர்ஷல் அப்போது வானியலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். பாத் நகரில் இசை கற்பித்து வாழ்ந்தவர். தம் வீட்டிலேயே ஆடிகளைத் தேய்த்து மெருகேற்றியவர். செம்பும் வெள்ளீயமும் கலந்த அவ்வுலோக ஆடிகள் ஈரக் காற்றில் மங்கிவிடும். மீண்டும் மெருகேற்றினாலோ, அரும்பாடுபட்டுப் பெற்ற வளைவு கெட்டுப் போகலாம். ஆகவே ஆடியைச் செய்யத் தெரிந்தவரே அதனைப் பேணவும் முடிந்தது. 1850-களில் கண்ணாடியின் மேல் வெள்ளி பூசும் முறை வந்தபோதுதான் இத்துன்பம் குறைந்தது; பூச்சு மங்கினால், வளைவைத் தொடாமல் பூச்சை மட்டும் புதுப்பிக்கலாம்.

நம் நாட்டில் இவ்வரலாற்றின் ஒரு சிறப்பான அத்தியாயம் ஹைதராபாத்தில் எழுதப்பட்டது. நவாப் ஸஃபர் ஜங் என்னும் பிரபு, வானத்தின் மீது கொண்ட காதலால் டப்ளின் நகரத்து கிரப் தொழிலகத்தின் 15 அங்குலத் தொலைநோக்கியை வரவழைத்தார். 1901-இல் பிஸல் பண்டாவிலிருந்த தம் இடத்தில் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். நிஜாமின் பெயரால் அது நிஜாமிய்யா எனப்பட்டது. தமக்குப் பின் அரசே அதனை ஏற்று நடத்த வேண்டும் என்பது அவருடைய விருப்பமாக இருந்தது. 1907-இல் அவர் மறைந்தார். 1908-இல் நிஜாமின் அரசு நிலையத்தை ஏற்றுக்கொண்டது. ஸஃபர் ஜங் வாங்கிய பெரிய தொலைநோக்கி, பேகம்பேட்டையில் முறையாக நிறுவப்பட்டது 1922-இல்தான். வாங்கியவர் மறைந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. எனினும் கருவி வீண்போகவில்லை.

அந்நிலையம் உலக நாடுகள் கூடிச் செய்த விண்மீன் படத்தொகுப்புப் பணியில் பங்கேற்றது; 7 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை அளந்து 12 தொகுதிகளாக வெளியிட்டது. 1919-இல் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்த பின், டி. பி. பாஸ்கரனும் அவரையடுத்து அக்பர் அலியும் இயக்குநர்களாக இருந்து அதனை வளர்த்தனர். அங்கே பணியாற்றிய ஒருவரின் மைந்தர், தந்தையின் பணியிடத்திலேயே வானத்தைப் பார்த்து வளர்ந்தார். 1927-இல் சென்னையில் பிறந்த வைனு பாப்பு அவர்தாம். ஹைதராபாத் அரசின் உதவித்தொகையுடன் ஹார்வர்டு சென்று, 1949-இல் தம் பெயர் தாங்கிய வால்மீனைக் கண்டார். பின்னர்த் தமிழகத்தின் ஜவ்வாது மலையில் கவலூர் நிலையத்தை நிறுவினார். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்களின் அறிகுறியைப் பதிவு செய்த நிலையங்களுள் கவலூரும் ஒன்று. ஹெர்ஷல் கண்ட கோள் அது! 1982-இல் பாப்பு மறைந்தார். அவர் திட்டமிட்ட பெரிய தொலைநோக்கி 1986-இல் அவர் பெயரையே பெற்றது. அதன் ஆடி மங்கும்போது மீண்டும் அலுமினியம் பூசுவதற்கான கூடமும் அங்கேயே உண்டு. பேகம்பேட்டைக் கட்டடமோ பராமரிப்பின்றிச் சிதைந்ததை நாளேடுகள் பலமுறை எழுதியுள்ளன. ஒரு பிரபு விட்டுச் சென்ற அறம் ஓரிடத்தில் தழைத்ததும், அது தொடங்கிய இடத்தில் வாடியதும் நம் சிந்தனைக்குரியவை.

இன்று தொலைநோக்கி அரசர்க்கும் பிரபுக்களுக்கும் மட்டும் உரிய பொருள் அன்று. மாணவர்களும் ஆசிரியர்களும் வாங்குகின்றனர். மலேசியா, இந்தோனேசியா போன்ற நாடுகளில் பிறை பார்ப்பதற்கும் பயன்படுத்துகின்றனர். வாங்குவதில் காட்டும் ஆர்வத்தை நாம் பேணுவதிலும் காட்ட வேண்டும். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் வில்லைகளுக்கு முதற்பகை பூஞ்சை. இரவு முழுவதும் பனியில் நனைந்த கருவியை உடனே மூடிப் பெட்டியில் பூட்டிவிட்டால், அடைபட்ட ஈரமே பூஞ்சைக்கு உணவாகும். தானாக உலர்ந்த பின்னரே மூடவேண்டும். பெட்டியினுள் ஈரம் உறிஞ்சும் மணிகளை வைத்து, அவ்வப்போது அவற்றை மாற்றவேண்டும். தூசியைக் கண்டதும் வேட்டி முனையால் துடைப்பது பெருங்கேடு. தூசியிலுள்ள மணல் துகள்கள் பூச்சைக் கீறிவிடும். சிறிதளவு தூசியால் காட்சி கெடுவதில்லை. கீறலோ என்றும் மாறாது. ஊதுகுமிழால் காற்றடித்து அகற்றுவதோடு நின்றுவிடலாம். பிறை பார்க்கச் செல்வோர் மற்றொன்றையும் மனத்தில் கொள்ளவேண்டும்: கதிரவன் முற்றிலும் மறையும் முன் கருவியை மேற்கு வானில் திருப்பலாகாது. வில்லையின் வழியே ஒரு கணம் கதிரவனைக் கண்டாலும் கண் பறிபோகும்.

இவை சிறு செயல்கள். ஆனால் ரய்யில் ஒரு சாண் இறங்கிய துளை ஒரு பேரறிஞரின் அளவையே பிறழச் செய்தது என்பதை நாம் கண்டோம். நம் ஊர்ப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் நூலகங்களுக்கும் கொடையளிக்கும் செல்வர்கள், ஒரு தொலைநோக்கியை வழங்க முன்வந்தால் அது நற்செயல். அதனுடன், கருவியைப் பேண ஒருவரைப் பயிற்றுவிக்கவும், அவருக்குப் பின் மற்றொருவர் வரவும் ஒரு சிறு நிதியை ஒதுக்கி வைப்பார்களானால், அதுவே தூஸி காட்டிய வழியாகும். அவ்வாறு செய்யப்படும் ஏற்பாட்டினால், வழங்கியவர் மறைந்த பின்னும் அந்த ஊரின் பிள்ளைகள் அதே வில்லையின் வழியே இறைவனின் படைப்பைக் கண்டு வியப்பார்கள்.