எஞ்சினுக்கு ஊட்டிய காற்று

பழைய காரின் எஞ்சினுக்கு டர்போசார்ஜர் பொருத்தி அதன் வலிமையைப் பெருக்க இயலுமா என்று இயந்திரக்கலையில் ஆர்வங்கொண்ட மாணவர்கள் வினவுவதுண்டு. இயலும். ஆயின், அதற்கான திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதை அக்கருவியின் வரலாற்றைக் கொண்டே அறிதல் நன்று.

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு புகைக்குழாய் வழியே வெப்பமாக வெளியேறி வீணாகிறது. அப்புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் பிணைத்த மற்றொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் முறைக்கு, சுவிட்சர்லாந்துப் பொறியியலறிஞர் ஆல்பிரட் பியூக்கி 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

இதன் பயனை உலகறியச் செய்த சோதனை 1918இல் நிகழ்ந்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்டு மாஸ், லிபர்ட்டி என்னும் விமான எஞ்சினை லாரியிலேற்றிக் கொலராடோவிலுள்ள பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டு சென்றார். அதன் உயரம் 14,000 அடிக்கும் மேல். தாழ்ந்த நிலத்தில் 350 குதிரைத்திறன் காட்டிய எஞ்சின், சிகரத்தின் மெல்லிய காற்றில் 230 ஆகத் தளர்ந்தது. கருவியைப் பூட்டியதும் 356 ஆக உயர்ந்தது! ஒன்றை இங்கே கருதுக: உயரத்தால் இழந்த காற்றையே மாஸ் மீட்டுத் தந்தார். தரையில் ஓடும் காருக்கோ அது எதையும் இழக்கவில்லை. இயல்புக்கு மிஞ்சிய காற்றைத் திணிக்கிறோம். தொல்லை அங்கேதான் பிறக்கிறது.

காற்றை அழுத்தினால் அது சூடேறும் என்பது சைக்கிளுக்குக் காற்றடித்த சிறுவரும் அறிந்ததே. சூடேறிய காற்றை சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் அழுத்துகிறது. அப்பொழுது பெட்ரோல் கலவையின் ஒரு பகுதி, சுடர் தன்னை எட்டுமுன்னரே வெடித்துச் சுத்தியலால் தட்டியதுபோல் ஒலிக்கும். அது தொடருமாயின் பிஸ்டனே உடையும்.

1962இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் இரு கிளைகள் இச்சிக்கலை இருவேறு வழிகளில் அணுகின. செவ்ரோலே கிளையினர் தம் கோர்வேர் காரின் டர்போ எஞ்சினில் அழுத்த விகிதத்தை 8க்கு 1 என்று அமைத்தனர். டர்போ இல்லாத உயர்திறன் வகையின் விகிதம் 9. அதன் திறன் 102 குதிரைத்திறன். டர்போ வகையோ 150 தந்தது. எளிய வழி, என் நோக்கில் அறிவுடைய வழியும் அதுவே.

ஓல்ட்ஸ்மொபில் கிளையினர் தம் ஜெட்ஃபயர் காரில் 10.25 என்னும் உயர்ந்த விகிதத்தைக் குறைக்க மனங்கொள்ளவில்லை. மாறாக, வெப்பத்தைத் தணிக்க ஒரு திரவத்தைக் கலவையில் தெளித்தனர். 'டர்போ ராக்கெட் திரவம்' என்று பெயர் கம்பீரமானதுதான். உள்ளே இருந்தவை பெரும்பாலும் நீரும் மெதனாலுமே. 3.5 லிட்டர் எஞ்சின் 215 குதிரைத்திறன் தந்தது. கணக்கில் பிழையில்லை. ஆனால் பெட்ரோலோடு இத்திரவத்தையும் மறவாமல் நிரப்பும் பொறுமை எத்தனை பேருக்கு உண்டு? கலம் வற்றியதும் காப்பு வால்வு டர்போவை அடக்கிவிடும். வாங்கியவர் தம் கார் வலுவிழந்ததென்று முறையிடுவார்.

ஆகவே, பழைய எஞ்சினுக்கு டர்போ பூட்ட விழைவோர் முதலில் அளந்தறிய வேண்டியது அதன் அழுத்த விகிதத்தை; குழாய்களும் பளபளப்பும் பிறகு. ஜெட்ஃபயரின் ஆயுள் 1963ஆம் ஆண்டு மாதிரியோடு முடிந்தது. விற்பனையான பல கார்களில் பின்னர் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டரையே பொருத்தினர்.